வெட்டி ஒட்டிய தங்கக்கை

எதிர்வீட்டுக்கு யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை இல்லை. ஆனால் வீடியோக்காரரின் ஸ்டூடியோ என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது. பாத்திரம் தேய்க்கும்போது கண்ணை மூடிக்கொண்டா தேய்க்க முடியும்? அதனால்தான் அந்தப் பளபளப்பான கார் வந்து நின்றதும், அதிலிருந்து பெரிய ஆஸ்பத்திரியின் குடல் டாக்டர் இறங்கியதும், இறங்கியவர் தெருவின் இரண்டு பக்கமும் திருடன் மாதிரிப் பார்த்துவிட்டு ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் என் கண்ணில் பட்டன. அடுப்பை அணைத்துவிட்டு, கத்தரிக்கோல் கடன் கேட்கும் சாக்கில் நானும் போனேன்.

வீடியோக்காரர் பாவம், கல்யாணம், பிறந்தநாள், கடைத் திறப்பு என்று படம் எடுத்துப் பிழைக்கிறவர். யாராவது அதட்டிப் பேசினால் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, என்ன சரி என்று பிறகு யோசிக்கிற ஜாதி. அவர் மனைவி அப்படி இல்லை. பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறவள். பத்துத் தலைமையாசிரியர்களைக் கரைத்துக் குடித்தவள் என்று தெருவில் பேச்சு.

"மாஸ்டர், என் பொண்ணு கல்யாணப் படத்துல என் சம்பந்தியை அழகாக் காட்டினீங்க" என்றார் டாக்டர். "அன்னிக்கே முடிவு பண்ணேன், உங்களால எதையும் சரி பண்ண முடியும்னு."

"இப்ப என்ன விசேஷம் டாக்டர்?"

"விசேஷம் வயித்துக்குள்ள."

விஷயம் இதுதான். இப்போதெல்லாம் குடலில் கட்டி என்றால் வயிற்றை நீளமாகக் கிழிப்பதில்லை. சின்னச் சின்ன ஓட்டை போட்டு, ஒன்றில் கேமராவும் மற்றவற்றில் நீளக் குச்சி போன்ற கருவிகளும் விட்டு, டி.வி. பார்த்துக்கொண்டே உள்ளே வெட்டி ஒட்டிவிடுகிறார்கள். எல்லாம் உள்ளே நடப்பதால் எந்த டாக்டருக்குக் கை எப்படி என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு கைத்திறன் மதிப்பீட்டுக் குழுவை அமைத்தது. நல்ல எண்ணம்தான். கெட்ட எண்ணத்தில் தொடங்கிய கமிட்டி என்று உலகத்தில் ஒன்று உண்டா என்ன?

ஒவ்வொரு டாக்டரும் தான் செய்த ஆபரேஷன் ஒன்றின் வீடியோவைப் பெயர் போடாமல் அனுப்ப வேண்டும். நீளம் அவரவர் விருப்பம். குழுவினர் ஐந்து பேர் தனித்தனி அறையில் உட்கார்ந்து பார்த்து மார்க் போடுவார்கள். திசுவைத் தொடும் நயத்துக்கு இவ்வளவு, அசைவில் சிக்கனத்துக்கு இவ்வளவு, ரத்தப்போக்குக் கட்டுப்பாட்டுக்கு இவ்வளவு. யார் முதலில் வருகிறாரோ அவர் பெயர் ஆஸ்பத்திரி வாசலில் பெரிய எழுத்தில் வரும்.

டாக்டர் கொண்டுவந்த படத்தை வீடியோக்காரர் ஓடவிட்டார். கருவி ஒன்று, மின்சாரம் போன வீட்டில் கட்டிலுக்கடியில் செருப்பைத் துழாவும் கால் மாதிரி இப்படியும் அப்படியும் போனது. நடுவில் டாக்டரின் குரல் கேட்டது: "இப்பத்தான் இங்க இருந்துச்சு. யாராவது நகர்த்துனீங்களா?" பிறகு திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

"அதை எடுத்துடுங்க" என்றார் டாக்டர்.

"எதை டாக்டர்?"

"சிவப்பா இருக்கறதை."

"பாதிப் படம் போயிடுமே."

"மீதிப் பாதி நல்லாத்தானே இருக்கு?"

வீடியோக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்த நோயாளி என்ன ஆனார்?"

"மறுநாள் திரும்பத் திறந்து சரி பண்ணிட்டோம். அது வேற வீடியோ."

வீடியோக்காரர் வழக்கம்போல "சரிங்க" என்றார். சிவப்பை எடுத்தார், துழாவலை எடுத்தார், குரலை எடுத்துவிட்டு மெல்லிய புல்லாங்குழலைப் போட்டார். கடைசியில் ஓரிடத்தில் இடைவெளி விழுந்தது. அதை நிரப்ப ஒரு துண்டை அவசரத்தில் தலைகீழாக ஓட்டி ஒட்டிவிட்டார். அதில் ஊசி பின்பக்கமாக வெளியே வந்தது. போட்ட முடிச்சு தானாக அவிழ்ந்தது. கசிந்த ரத்தம் வந்த வழியே உள்ளே போனது. கவனிக்கவில்லை, அனுப்பிவிட்டார்.

குழு அசந்துபோனது. 'ரத்தத்தைத் திருப்பி அனுப்பும் இத்தகைய கட்டுப்பாட்டை நாங்கள் எங்கும் கண்டதில்லை' என்று ஐந்து பேரும் எழுதி முழு மார்க் போட்டார்கள். டாக்டருக்கு அன்றிலிருந்து தங்கக்கை என்று பெயர். அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. முதலில் அச்சடித்தது அவருடைய விசிட்டிங் கார்டில்தான் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

அதே வாரம் ஒரு டாக்டரம்மாவும் ஸ்டூடியோவுக்கு வந்தார். நடந்து வந்தார். யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர் என்று ஆஸ்பத்திரியில் பேர்.

"குழுவுக்கு அனுப்பற மாதிரி மாத்திக் கொடுங்க. எதையும் எடுக்க வேண்டாம்."

"கொஞ்சம் வெட்டிக்கலாமே மேடம்? மியூசிக்?"

"வேண்டாம்."

அந்தப் படத்தை முழுக்கப் பார்க்க வீடியோக்காரர் உட்கார்ந்தாராம். ஏதாவது நடக்கும், நடக்கும் என்று காத்திருந்து அப்படியே தூங்கிவிட்டாராம். விழித்துப் பார்த்தால் ஆபரேஷன் முடிந்திருந்தது. குழுவினருக்கும் அதே அனுபவம்தான் போலிருக்கிறது. டாக்டரம்மா கடைசி இடத்தில் வந்தார். 'பார்வையாளரின் ஆர்வத்தைத் தக்கவைக்கத் தவறியுள்ளார்' என்பது குழுவின் குறிப்பு.

அப்புறம் எங்கள் தெருவில் கார் நிறுத்த இடம் இல்லாமல் போயிற்று. கண் டாக்டர், காது டாக்டர் தவிர மற்ற எல்லா டாக்டர்களும் பென் டிரைவோடு வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு நடுவே கல்யாணப் பெண்களும் நின்றார்கள். வீடியோக்காரரும் மனுஷன்தானே, ஒருநாள் ஒரு ஆபரேஷன் படத்தையும் ஒரு கல்யாணப் படத்தையும் ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து படத்தைப் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மண்டபம் அழகாத்தான் இருக்கு, ஆனா ரொம்ப ஈரமா இருக்கே" என்றாளாம். அந்தப் பக்கம் குழுவுக்குப் போனது கல்யாணப் படம். மாலை மாற்றும் இடத்தில் இரண்டு பேரும் கையாண்ட விதத்துக்கு, அசைவில் சிக்கனம் என்ற தலைப்பில் நல்ல மார்க் கிடைத்ததாகக் கேள்வி.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் வீடியோக்காரரின் மனைவிக்கு வயிற்றில் வலி வந்தது. முதலில் வாயு என்றாள். பிறகு ரத்தம் போகிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாள். நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை, அவள் கணவரைத் தவிர, அப்புறம் மாடிவீட்டு அம்மாவைத் தவிர. சோதனை எல்லாம் செய்து பார்த்ததில் பெருங்குடலில் ஒரு கட்டி. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள், வெட்டி எடுத்து ஒட்டினால் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் ஒட்டு சரியாக இருக்க வேண்டும், ஒட்டு விட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். இந்த ஓட்டை ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரி அக்கம்பக்கத்தில் அது ஒன்றுதான்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன். எங்களுக்கு இவ்வளவு உதவி செய்த குடும்பம் என்பதால் சிறப்புச் சலுகையாக, முதலிடம் பெற்ற தங்கக்கை டாக்டரே ஆபரேஷன் செய்வார் என்றார்கள்.

வீடியோக்காரர் போனை வைத்துவிட்டு நாற்காலியைத் தேடினார். நாற்காலி அவர் பின்னாலேயே இருந்தது. வெட்டிப் போட்ட சிவப்பு எவ்வளவு என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தானே தெரியும்.

நேரே குழுவைப் பார்க்கப் போனார். தனியாகப் போகக் கால் வரவில்லை என்றார், நானும் கூடப் போனேன். நீள மேசை, ஆளுக்கொரு பிஸ்கட் தட்டு. குழுத் தலைவர் வெள்ளைத் தலைக்காரர், ஒரு காலத்தில் அவரும் ஆபரேஷன் செய்தவராம்.

வீடியோக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். வெட்டியது, ஒட்டியது, தலைகீழாக ஓட்டியது, புல்லாங்குழல், எதையும் மறைக்கவில்லை.

தலைவர் பிஸ்கட்டை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க உணர்ச்சிவசப்படறீங்க. யோசிச்சுப் பாருங்க. அஞ்சு பேர், தனித்தனி ரூம். ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கல. அஞ்சு பேரும் ஒரே மார்க். அஞ்சு பேர் எப்படி ஒரே தப்பைப் பண்ண முடியும்?"

"அஞ்சு பேருக்கும் நான் ஒரே படத்தைத்தானே சார் கொடுத்தேன்?"

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒரே படம், ஒரே மார்க். இதுக்குப் பேர்தான் நம்பகத்தன்மை."

பக்கத்தில் இருந்த உறுப்பினர் அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரத்தம் பின்னாடி போச்சுன்னா படம் தலைகீழா ஓடுதுன்னு எங்களுக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். ஆனா தலைகீழா ஓடினா மார்க்கைக் குறைக்கணும்னு விதியில இல்லியே. விதியில இல்லாததுக்காக ஒரு டாக்டரைத் தண்டிக்க முடியுமா?"

"முழுப் படமும் என்கிட்ட இருக்கு. போட்டுக் காட்டட்டுமா?"

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"ஆபரேஷன் எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம்."

ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவ்வளவு நேரம் உட்கார்ந்து ஆபரேஷன் பார்க்கணும்னா, நாங்க ஏன் கமிட்டிக்கு வந்தோம்?" என்றார் தலைவர், மனதாரப் புரியாமல்.

"அப்ப டாக்டரையாவது மாத்துங்க சார். அந்த டாக்டரம்மாகிட்ட விடுங்க."

"முதல் இடத்துலேருந்து கடைசி இடத்துக்கா? நோயாளியோட உரிமைக்கு விரோதம்."

"நோயாளியே கேட்டா?"

"நோயாளிக்கு மார்க் போடத் தெரியாதே, தம்பி."

போதாக்குறைக்கு, அடுத்த மாதம் இளம் டாக்டர்களுக்குப் 'படத்தொகுப்பும் நோயாளி பாதுகாப்பும்' என்று ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். வீடியோக்காரர் பழக்க தோஷத்தில் "சரிங்க" என்றுவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் யாரும் விளக்குப் போடவில்லை. நான்தான் போய்ப் போட்டேன். மனைவி சோபாவில் சாய்ந்து, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயந்திருந்தாள். பயத்திலும் மூளை ஓடிக்கொண்டிருந்தது, அது முகத்தில் தெரிந்தது.

"அக்கா, எங்க ஸ்கூல்ல ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார்" என்றாள். "பசங்க எல்லாம் வரிசையா ஃபெயில். திட்டிப் பார்த்தாங்க, மெமோ கொடுத்துப் பார்த்தாங்க. அசையலை. கடைசில என்ன பண்ணாங்க தெரியுமா? மத்த வாத்தியார்களை மேற்பார்வை பாக்கற பதவியில உட்கார வெச்சாங்க. அந்த வருஷமே பசங்க பாஸ்."

"இப்ப எதுக்கு அந்தக் கதை?" என்றார் கணவர்.

"அவரைக் கீழ இறக்க உங்களால முடியலைல்ல? மேல ஏத்துங்க. கத்தியே எட்டாத உயரத்துக்கு ஏத்துங்க."

வீடியோக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தங்கக்கையின் பழைய படத்தை மறுபடி எடுத்தார். கல்யாணப் படத்தில் கற்ற வித்தை அத்தனையையும் இறக்கினார். குடல் மெல்ல மெல்ல, மேகத்துக்குள்ளிருந்து வருவது போல வந்தது. கருவி ஒரே ஒரு முறை அசைந்தது, அதுவும் ஸ்லோ மோஷனில். வயலின்கள் பொங்கின. ஒட்டுப் போட்ட இடத்தில் ஒரு பொன்னிற வெளிச்சம் பரவி, அதன் மேல் எழுத்து வந்தது: 'கருணையே கத்தியானால்'. சத்தியமாகச் சொல்கிறேன், குடலைப் பார்த்து நானே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி அரங்கத்தில் போட்டுக் காட்டினார்கள். உறுப்பினர் அம்மாள் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார், இந்த முறை உள்பக்கம். இப்படிப்பட்டவரை வெறும் ஆபரேஷன் தியேட்டரில் அடைத்து வைப்பது அநியாயம் என்று தலைவர் எழுந்து நின்று அறிவித்தார். தங்கக்கைக்குத் தலைமை மதிப்பீட்டாளர் பதவி. மதிப்பிடுகிறவரை மதிப்பிட மேலே ஆள் இல்லை என்பதால், பதவி ஏற்ற நாளிலிருந்து அவர் ஆபரேஷன் செய்யக் கூடாது.

தங்கக்கை மைக்கைப் பிடித்தார். "இவ்வளவு நாள் என் கையால ஒரு நேரத்துல ஒரே ஒரு நோயாளிதான் பலன் அடைஞ்சார். இனிமே இந்த ஆஸ்பத்திரிக்கு வர்ற யாருமே தப்ப முடியாது."

கைதட்டல். வீடியோக்காரரும் தட்டினார், இரண்டு கையும் வலிக்கத் தட்டினார்.

"ஆனா ஒண்ணு" என்றார் தங்கக்கை. "பதவி ஏற்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரே ஒரு ஆபரேஷன் பண்ண ஆசைப்படறேன். அது என் மாஸ்டரோட வீட்டம்மாவுக்கு."

தட்டிக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

இரண்டு நாள் கழித்துத் தங்கக்கை தாமே வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்தார். நான் அங்கே இருந்தது தற்செயல். கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். வீடியோக்காரர் சுவரோடு சுவராக நின்றார். மனைவிதான் பேசினாள், முகத்தில் அவ்வளவு பணிவு.

"எங்க பாக்கியம் டாக்டர். ஆனா ஒரே ஒரு சங்கடம். இவர் என் ஆபரேஷன் படத்தை வெட்ட மாட்டாராம்."

"ஏன்? நல்லா வெட்டுவாரே."

"கட்டின பொண்டாட்டி ஆச்சே. என் வயித்துல ஒரு ஃபிரேமைக்கூடத் தொட மனசு வரலையாம். அப்படியே முழுசா, சத்தத்தோட, உங்க பதவியேற்பு விழாவுல போடப் போறாராம்."

"சத்தத்தோடயா?"

"நீங்க உள்ள பேசறதெல்லாம் நாலு பேர் கேக்கணும்ல டாக்டர். இளம் டாக்டர்களுக்குப் பாடமா இருக்கும்."

தங்கக்கை வீடியோக்காரரைப் பார்த்தார். வீடியோக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக "சரிங்க" என்று சொல்லாமல் நின்றார். சொல்லாமல் நிற்பதற்கு அவர் பட்ட பாடு கழுத்து நரம்பில் தெரிந்தது.

தங்கக்கை தண்ணீர் கேட்டார். குடித்தார். "அன்னிக்குப் பார்த்து எனக்கு ஒரு மீட்டிங் இருக்கும்னு நினைக்கிறேன்" என்றார்.

"இன்னும் தேதியே குறிக்கலையே டாக்டர்."

"எந்தத் தேதியா இருந்தாலும் இருக்கும்மா. தலைமைப் பதவி பாருங்க." செருப்பை மாட்டிக்கொண்டே, போகிற போக்கில் சொன்னார்: "நம்ம டாக்டரம்மா சும்மாத்தான் இருக்காங்க. அவங்களைப் பண்ணச் சொல்றேன்."

ஆக, கடைசி இடத்தில் இருந்த டாக்டரம்மாதான் ஆபரேஷன் செய்தார். அவருக்கு முன்னால் இடம் பிடித்தவர்கள் எல்லோரும் அதற்குள் ஒவ்வொருவராகக் குழுவில் சேர்ந்துவிட்டிருந்தார்கள். தியேட்டர் வாசலில் வீடியோக்காரர் நின்ற நிலையைச் சொல்லி முடியாது. கதவு திறந்து டாக்டரம்மா வெளியே வந்தார். "முடிஞ்சுது" என்றார். போய்விட்டார். நல்லபடியாக முடிந்ததா, வெறுமனே முடிந்ததா என்று கேட்க இவருக்கு வாய் வரவில்லை, என்னாலும் ஓடிப்போய்ப் பிடிக்க முடியவில்லை.

அடுத்த மூன்று நாளும் அந்தப் பயம் தீரவில்லை. உள்ளே வெட்டி ஒட்டிய குடல் மறுபடி வேலை செய்யத் தொடங்கிவிட்டதா என்று வெளியே இருந்து எப்படித் தெரியும்? அதற்கு மெஷின் எல்லாம் வேண்டாம், நோயாளிக்கு வாயு பிரிய வேண்டும், அவ்வளவுதான் என்றாள் நர்ஸ். அது பிரியவில்லை. வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. டாக்டரம்மா காலையும் மாலையும் வருவார், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், "காத்து போச்சா?" என்று கேட்பார், இல்லை என்றதும் சார்ட்டில் குறித்துவிட்டுப் போவார். வாயில் ஈரம் படும் அளவுக்குத் தவிர எதையும் குடிக்கவிடவில்லை. வாயு பிரிந்ததும் கொடுக்கலாம் என்று நான் தினமும் ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுபோய், அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன். வீடியோக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நான்காம் நாள் டாக்டரம்மா வயிற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தலைமை மதிப்பீட்டாளர் பரிவாரத்தோடு வார்டுக்குள் நுழைந்தார். கழுத்தில் புதுப் பட்டை, பின்னால் எழுதிக்கொள்ள ஒரு உதவியாளர், அதற்குப் பின்னால் இளம் டாக்டர்கள் ஒரு கும்பல்.

"உங்க படத்தைப் பார்த்தேன் டாக்டர்" என்றார் தங்கக்கை. "மன்னிக்கணும், வெளிப்படையாச் சொல்லிடறேன். ஒண்ணுமே நடக்கலியே அதுல."

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுக்கவில்லை. "ஆமா சார்."

"ஒரு திருப்பம் இல்ல. ஒரு நெருக்கடி இல்ல. நெருக்கடியே இல்லைன்னா அதைச் சமாளிக்கற திறமை உங்களுக்கு இருக்கா, இல்லையான்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது? ஆபரேஷன்ங்கறது பார்க்கறவங்களோட பேசணும். இளைஞர்களே, கவனிங்க, கைத்திறன்ங்கறது முதல்ல..."

கைத்திறன் என்பது முதலில் என்ன என்பது எங்களுக்குத் தெரியாமலே போயிற்று. ஏனென்றால் அந்த இடத்தில்தான் வீடியோக்காரரின் மனைவிக்கு வாயு பிரிந்தது. சாதாரணமாக இல்லை. மூன்று நாள் அடைத்து வைத்திருந்தது. நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு, வார்டின் கடைசிக் கட்டில்வரை கேட்கும்படி பிரிந்தது. இளம் டாக்டர்கள் கூரையைப் பார்த்தார்கள். ஜன்னலோரம் இருந்த நோயாளி ஒருவர் போர்வைக்குள் குலுங்கினார்.

டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வீடியோக்காரர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, கூட்டம் நிற்கிறதே என்றும் பார்க்காமல், ஓவென்று அழுதார்.

உதவியாளர் பேனாவைத் திறந்தபடி தவித்தார். "சார், இதை எந்தத் தலைப்புல எழுதறது?"

தங்கக்கை பையைத் துழாவிக் கைக்குட்டையை எடுத்தார். நடந்தது என்ன என்பது அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே சொன்னார்: "நோயாளியின் ஒத்துழையாமைன்னு எழுதி, டாக்டருக்கு மார்க்கைக் குறைச்சுடுங்க."

"தாராளமாக் குறைங்க டாக்டர்" என்றாள் கட்டிலில் இருந்தவள். "அக்கா, அந்த ஃபிளாஸ்க்கை எடுங்க. எனக்குப் பசிக்குது."